லண்டன் – பாரிஸ்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? (வாசகர் கேள்வி – பதில்)

ஐரோப்பிய நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவையும் விமானப் பயண நேரத்தையும் பற்றிய கேள்விகள் இம்முறை ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகள் லண்டனில் இருக்கிறாள், மகன் பாரிஸில் இருக்கிறான். வரும் கோடையில் நானும் என் மனைவியும் மகள் வீட்டில் தங்கிவிட்டு அங்கிருந்து மகனைப் பார்க்கப் போக எண்ணியிருக்கிறோம். இரண்டு ஊர்களுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால், ஓரிடத்தில் 344 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 348, வேறோரிடத்தில் 460, ரயிலுக்கு 492 என்று நான்கு கணக்குகள் கிடைக்கின்றன. எது சரி?

பதில்: ஐயா, நான்கும் சரியே. நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களுக்கு இடையே, வெவ்வேறு வழிகளில் அளக்கப்பட்டவை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

344 கிலோமீட்டர் என்பது நகரின் மையத்திலிருந்து நகரின் மையத்துக்கு, பூமியின் மேற்பரப்பையொட்டி நேராக அளந்த தூரம். ஒரு நகரின் மையம் எது என்பதும் மரபாக முடிவு செய்யப்பட்ட ஒன்றுதான். லண்டனில் சேரிங் கிராஸ் என்ற சந்திப்பில் நிற்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் சிலையிலிருந்தும், பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயத்தின் முன்புறம் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் சுழிப் புள்ளியிலிருந்தும் தூரங்களைக் கணக்கிடுவது வழக்கம். 348 என்பது லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம். ஹீத்ரோ நகருக்கு மேற்கே இருக்கிறது, சார்ல் த கோல் பாரிஸுக்கு வடகிழக்கே இருக்கிறது. இரண்டும் இப்படி விலகி நிற்பதால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் கூடுகிறது. அதே பயணத்தை லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டனிலிருந்து தொடங்கினால் அது சுமார் 380 ஆகும். தெற்கே உள்ள கேட்விக்கிலிருந்து பாரிஸின் தெற்குப் பக்கமுள்ள ஓர்லிக்குப் போனால் ஏறக்குறைய 327 தான். ஆகவே "லண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானத் தூரம்" என்று ஒற்றை எண் கிடையாது. விமான நிலையங்களின் பெயரைச் சொன்னால்தான் எண் சொல்ல முடியும்.

460 என்பது சாலை வழித் தூரம். கார் போக்ஸ்டனில் ரயிலின் மீது ஏறி, கடலடிச் சுரங்கத்தைக் கடந்து, கலே பக்கம் இறங்கி, பிறகு தெற்கே பாரிஸ் நோக்கி ஓடும். ரயில் பாதை 492 கிலோமீட்டராக நீள்வதற்குக் காரணம், அது நேராகப் போகாமல் கென்ட் வழியாகக் கிழக்கே சென்று, 50.45 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தைத் தாண்டி, லீல் நகரத்தின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பாரிஸுக்கு இறங்குவதுதான். விமானத்தைவிட ஏறக்குறைய 145 கிலோமீட்டர் அதிகமாக ஓடியும் அந்த ரயில் போட்டியில் பின்தங்குவதில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: போகும் விமானம் லண்டனில் காலை 9.00 மணிக்குப் புறப்பட்டு 11.20-க்குப் பாரிஸ் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும் விமானமோ பாரிஸில் 9.00 மணிக்குப் புறப்பட்டு 9.20-க்கே லண்டன் வந்துவிடுகிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். பாரிஸின் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணியைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டு பக்கமும் 1 மணி 20 நிமிடம் என்றே வரும். கோடைக்காலத்தில் இந்த வித்தியாசம் மாறுமோ என்று அஞ்ச வேண்டாம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இரு நாடுகளும் ஒரே கணத்தில்தான் கடிகாரத்தை மாற்றுகின்றன.

கேள்வி: நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றால் 348 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் கடக்க வேண்டும். பிறகு ஏன் 1 மணி 20 நிமிடம் என்று போடுகிறார்கள்?

பதில்: உங்கள் வகுத்தலில் தவறில்லை, ஐயா. ஆனால் விமானம் அந்த 830 என்ற வேகத்தில் பறப்பது இந்தப் பயணத்தில் மிகச் சில நிமிடங்கள்தான்.

முதலில் அந்த 1 மணி 20 நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அது விமானம் மேலெழும் கணத்தில் தொடங்குவதில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்துவிட்டு விமானம் அசையும்போதே தொடங்குகிறது. மறுமுனையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் முடிகிறது. விமானத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பிளாக் நேரம் என்பார்கள். ஹீத்ரோவில் இருப்பவை இரண்டே ஓடுபாதைகள். காலை நேரத்தில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், நம் முறை வருவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் உங்கள் 25 நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, விமானமோ இன்னும் தரையில்தான் இருக்கிறது.

மேலெழுந்த பிறகும் அது உடனே பாரிஸை நோக்கிப் போவதில்லை. விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். லண்டனில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்து வீசுவதால், தென்கிழக்கில் உள்ள பாரிஸுக்குப் போகும் விமானமும் மேற்கு முகமாகவே எழும்புகிறது. பிறகு இடப்பக்கமாக வளைந்து, திரும்பி வந்துதான் வழியைப் பிடிக்கிறது. பாரிஸ் பக்கமும் இதே கதை. சார்ல் த கோலின் நான்கு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை. மேற்குக் காற்று வீசும் நாளில் விமானம் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், திரும்பி, மேற்கு முகமாக வந்து இறங்க வேண்டும். இதற்கிடையே 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது பொதுவாக மணிக்கு 250 கடல் மைல், அதாவது 463 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஏறி முடித்துச் சமநிலைக்கு வந்து, பணிப்பெண் காப்பி கொடுத்துக்கொண்டு பாதி வரிசையைக் கடப்பதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் கூட்டினால் ஆகாயத்தில் இருக்கும் நேரம் 45 முதல் 50 நிமிடம். மீதி தரையில் கழிவது.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு வரும்போது இன்னொன்றும் சேரும். ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்கும் வரை விமானங்களை வானத்தில் வட்டமடிக்க வைப்பதற்கென்றே நான்கு இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன: போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின். ஒருமுறை அப்படி வரும்போது முன் இருக்கையின் பின்புறத் திரையில் ஓடிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சேர வேண்டிய தூரம் 60, 50 என்று குறைந்துகொண்டே வந்து, பிறகு மெதுவாக 55, 62 என்று கூடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். வெளியே பார்த்தால் ஒரே நீர்த்தேக்கம் இறக்கையின் அடியில் மூன்று முறை வந்து போனது. எந்த ஆபத்தும் இல்லை, அது வரிசையில் நிற்பதுதான், வானத்தில் நிற்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு என்று அவரிடம் சொன்னேன். இப்படிக் காத்திருக்க நேரலாம் என்று விமான நிறுவனங்கள் முன்கூட்டியே சில நிமிடங்களைக் கால அட்டவணையில் சேர்த்தே போடுகின்றன. நெரிசல் இல்லாத நாளில் விமானம் "முன்னதாகவே" வந்து சேர்வதாகத் தோன்றுவது அதனால்தான்.

கேள்வி: விமானத்தின் பாதை வரைபடத்தில் வளைந்து தெரிகிறதே, நேர்கோட்டில் போனால் எரிபொருள் மிச்சமாகாதா?

பதில்: வளைந்து தெரிவதுதான் நேரான வழி. நாம் பார்த்துப் பழகிய தட்டையான உலகப்படம் பிளாண்டர்ஸ் பகுதியில் பிறந்த மெர்க்கேட்டர் 1569-இல் வகுத்த முறையில் வரையப்பட்டது. கப்பலோட்டிகள் ஒரே திசையைப் பிடித்துப் போவதற்கு வசதியாக அமைந்த முறை அது. தூரத்தை அது சரியாகக் காட்டாது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மையத்தைச் சுற்றிச் செல்லும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. படத்தில் விரித்துப் பார்க்கும்போது அந்தத் துண்டு வடக்கே வளைந்து தெரிகிறது.

ஐரோப்பாவுக்குள்ளேயே இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. மாட்ரிட்டும் இஸ்தான்புல்லும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால் அதன் நடுப்புள்ளி நேப்பிள்ஸுக்கு மேற்கே கடலில் விழும். உருண்டைக் கணக்கின்படி கணித்துப் பார்த்தால் நடுப்புள்ளி ஏறத்தாழ ரோம் நகரத்தின் மீதே வந்து விழுகிறது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் அழுத்தி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் ரோமின் மேலேயே படியும். ஆனால் இதனால் மிச்சமாகும் தூரத்தை மிகைப்படுத்தவும் கூடாது. பெருவட்ட வழி சுமார் 2,740 கிலோமீட்டர், அட்சரேகையையொட்டிப் போனால் சுமார் 2,760. இருபது கிலோமீட்டர்தான் வேறுபாடு. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே அது அறவே பொருட்டில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகும் நெடும் பயணங்களில்தான் அது நூற்றுக்கணக்கில் பெருகும்.

கேள்வி: போவதற்கு ஆகும் நேரமும் வருவதற்கு ஆகும் நேரமும் சில ஊர்களுக்கு வேறுபடுவது ஏன்?

பதில்: உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம்தான் காரணம். குளிர்காலத்தில் இதன் வலு கூடும். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்து லிஸ்பனிலிருந்து வடகிழக்கு மூலையில் உள்ள ஹெல்சிங்கிக்குச் சுமார் 3,360 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தைப் பின்காற்று இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளிக்கொடுத்தால் தரையளவில் வேகம் 910 ஆகி, அந்தத் தூரத்தைக் கடக்க 3 மணி 42 நிமிடம் ஆகும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் வேகம் 750 ஆகக் குறைந்து 4 மணி 29 நிமிடம் ஆகும். ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. இந்த இரண்டு ஊர்களுக்கும் கடிகாரத்தில் இரண்டு மணி நேர வேறுபாடும் இருப்பதால், டிக்கெட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தோன்றும். லண்டன் – பாரிஸ் வழியில் காற்றின் பங்கு இரண்டு மூன்று நிமிடம்.

கேள்வி: விமானம் தாமதமானால் தூரத்தைப் பொறுத்துப் பணம் தருவார்கள் என்கிறார்களே, எந்தத் தூரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: பெருவட்டத் தூரத்தைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. விமானம் எந்தச் சுற்றுவழியில் பறந்தது என்பது கணக்கில்லை. நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறிப் போனாலும், ஒரே முன்பதிவாக இருந்தால், புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாகச் சேரும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் கணக்கு. இப்போதுள்ள விதிப்படி 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேற்பட்ட, ஒன்றியத்துக்கு உள்ளேயான பயணங்களுக்கு 400 யூரோ. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே 1,500 கிலோமீட்டர் வரை 220 பவுண்டு. ஆகவே உங்கள் விமானம் லண்டனில் புறப்பட்டால் பிரிட்டன் சட்டத்தின்படியும், பாரிஸில் புறப்பட்டால் ஒன்றியத்தின் விதிப்படியும் கேட்க வேண்டும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால்தான் இது கிடைக்கும். புயல், கட்டுப்பாட்டுக் கோபுரப் பணியாளர் வேலைநிறுத்தம் போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்குக் கிடைக்காது.

சேர்ந்த நேரம் என்றால் எந்த நேரம் என்பதிலும் வழக்கு நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நேரமா, நின்ற நேரமா என்ற கேள்விக்கு, விமானத்தின் கதவுகளில் ஒன்றாவது திறக்கப்பட்ட நேரமே சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பயணியின் பக்கம் நின்று சொன்ன நல்ல தீர்ப்பு என்பது என் கருத்து. தாமதமாகிவிட்டது என்று தெரிந்தால், கதவு திறக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் நாங்கள் விமானத்தில் போவதா, ரயிலிலா? எங்கள் இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. (முதல் கேள்வி கேட்ட அதே வாசகர்)

பதில்: உங்கள் மகள் வீடு லண்டனில் எந்தப் பக்கம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதை நீங்கள் எழுதவில்லை; ஆகவே இரண்டு விதமாகவும் சொல்கிறேன்.

வீடு கிழக்கே ஈஸ்ட் ஹாம் பக்கம் இருந்தால் ஹீத்ரோ நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி, இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும், விமானம் 1 மணி 20 நிமிடம், இறங்கிக் கடவுச்சீட்டு வரிசையில் நின்று பெட்டியை எடுத்து வெளியே வர முக்கால் மணி, அங்கிருந்து ஆர்.இ.ஆர். 'பி' என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் வர அரை மணிக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ரயில் என்றால் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு முக்கால் மணி, அங்கே ஒன்றேகால் மணி முன்னதாக இருக்க வேண்டும், ஓட்டம் 2 மணி 20 நிமிடம். மொத்தம் நான்கரை மணிக்குள் முடிந்துவிடும். பிரெஞ்சு எல்லைச் சோதனையும் லண்டன் நிலையத்திலேயே முடிந்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நம் மக்கள் நிறைந்த லா சப்பேல் நடந்து போகும் தூரம்தான். மகன் அந்தப் பக்கம் இருந்தால் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம்.

வீடு மேற்கே ஹவுன்ஸ்லோ அல்லது சவுத்தாலில் இருந்தால் கணக்கு மாறும். ஹீத்ரோ பக்கத்து ஊர் போல, செயின்ட் பாங்க்ரஸ் தொலைவு. அப்போது இரண்டுக்கும் நேரம் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனாலும் உங்கள் வயதைக் கருதி நான் ரயிலையே சொல்வேன். ஓரிடத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரை எழ வேண்டியதில்லை, பெட்டி கண் முன்னே இருக்கும், காலை நீட்டிக்கொள்ளலாம். விமானப் பயணத்தில் உட்காருவது, எழுவது, வரிசையில் நிற்பது என்று ஏழெட்டு முறை மாறி மாறி வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் பெரும் பாடு.

ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு வழிகளில் விமானம் ஓட்டக் கூடாது என்று பிரான்ஸ் 2023-இல் நடைமுறைப்படுத்தியது. ஓர்லியிலிருந்து லியோன், நான்த், போர்தோ நகரங்களுக்குப் போகும் வழிகள் அதில் அடங்கின. லண்டன் – பாரிஸ் ரயிலும் அந்த நேரத்துக்குள் ஓடுகிறது என்றாலும், அது நாடு விட்டு நாடு செல்லும் வழி என்பதால் அந்தத் தடை அதைத் தொடுவதில்லை.

கேள்வி: லண்டன் – பாரிஸ் விமானப் போக்குவரத்து எப்போது தொடங்கியது? அப்போது எவ்வளவு நேரம் ஆயிற்று?

பதில்: அன்றாடச் சேவையாக 1919 ஆகஸ்ட் 25-இல் தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவுக்கு அருகில் உள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து பாரிஸின் லெ பூர்ஜே வரை, ஒற்றை என்ஜின் விமானம். ஒரே ஒரு பயணியும், செய்தித்தாள்களும், பாலேடும், கௌதாரி போன்ற வேட்டைப் பறவைகளும் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இன்றைய ரயில் அதைவிடச் சற்று விரைவாகவே போகிறது.

அந்நாளைய விமானிகளுக்கு வானில் வழி காட்டும் கருவிகள் இல்லை. கீழே தெரியும் சாலையையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று பிரான்ஸின் பிக்கார்டி பகுதியில் பனிமூட்டத்தில் எதிரெதிரே வந்த இரண்டு விமானங்கள் மோதி ஏழு பேர் இறந்தனர். இரண்டும் ஒரே வழியை எதிரெதிர் முனைகளிலிருந்து பின்பற்றி வந்தவை. அதற்குப் பிறகுதான் இந்த வழியில் யார் எந்தப் பக்கமாகப் பறக்க வேண்டும் என்று ஒழுங்கு வகுக்கத் தொடங்கினார்கள். நேர்கோட்டில் போகாமல் சுற்றிப் போகிறதே என்று நாம் இன்று கேட்கும் வழிகளின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

கேள்வி: "பாரிஸ் போவே" என்ற விமான நிலையத்துக்கு டிக்கெட் மிக மலிவாக இருக்கிறது. வாங்கலாமா? (முதல் கேள்வி கேட்ட அதே வாசகர்)

பதில்: போவே தனி ஊர். பாரிஸுக்கு வடக்கே ஏறக்குறைய 85 கிலோமீட்டர். அங்கிருந்து பாரிஸுக்குப் பேருந்தில் வர ஒன்றேகால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், பேருந்துக் கட்டணமும் தனி. இதே போல "பிராங்பர்ட் ஹான்" என்ற நிலையம் பிராங்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்முன் ஊரின் பெயருக்கு அடுத்து நிற்கும் இரண்டாவது பெயரைப் படியுங்கள். அங்கிருந்து உங்கள் மகன் வீட்டு வாசல் வரை எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்பதையும் மகனிடமே கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.